வடை யாருடையது? – குணம் கற்பிக்கும் வழிகாட்டி நூல்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்தே படிப்பிக்கிற பெற்றோர்களுக்கென்று ஒரு நூல்வகை இருக்கிறது. ஒரு நாவலை எடுத்துக்கொள்வார்கள். அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் அருஞ்சொற்பொருள், கதை புரிந்ததா என்று பார்க்கச் சில சிறுவினாக்கள், கடைசியில் 'குணம்' என்றொரு பகுதி. இந்த அத்தியாயத்தில் விசுவாசமாக நடந்துகொண்டவர் யார்? பொறுமை இழந்தவர் யார்? அந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? பல வழிகாட்டிகளில் பக்கத்திலேயே ஒரு பைபிள் வசனமும் இருக்கும். புத்தகத்தின் கடைசியில் விடைகள். அது அம்மாவுக்கு.

நமக்குப் பழகிய சரக்குதான். நோட்ஸ். ஆனால் ஒரு வித்தியாசம். நம்மூர் நோட்ஸிடம் ஒரு நேர்மை உண்டு. நான் மதிப்பெண்ணுக்காக இருக்கிறேன், பரீட்சை முடிந்ததும் என்னைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடலாம் என்று அது வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. மாணவனின் உள்ளத்தை அது ஒன்றும் செய்வதில்லை, செய்ய விரும்புவதும் இல்லை. நான் சொல்கிற வழிகாட்டிக்கு மதிப்பெண் ஒரு பொருட்டல்ல. அது குறிவைப்பது பிள்ளையையே.

அங்கே யாரோ பிள்ளையை எப்படியோ வளர்த்துக்கொள்கிறார்கள், இதில் நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கலாம். இலக்கியம் மனுசனைத் திருத்தும் என்று சொல்லிச் சொல்லித்தானே நாமும் எழுதிக்கொண்டிருக்கிறோம்? கதையைப் படித்து முடித்த கையோடு 'இதில் வர்க்கப் பார்வை எங்கே?' என்று விடைத்தாள் திருத்துகிற விமர்சனக் கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அந்தக் 'குணம்' பகுதி அந்நியமாகப் படாது. வசனம்தான் வேறு.

கொஞ்சம் வரலாறு. பள்ளிக்கல்வியைக் கட்டாயமாக்கிய முதல் அமெரிக்க மாநிலம் மாசசூசெட்ஸ், 1852இல். கடைசி மிசிசிப்பி, 1918இல். 1970களில் இந்தக் கட்டாயத்தை எதிர்த்து ஓங்கி ஒலித்த குரல்களில் ஒன்று ஜான் ஹோல்ட்டுடையது. கற்கும் ஆசையைப் பள்ளிக்கூடமே கொல்கிறது என்றவர். 1977இல் 'பள்ளியின்றி வளர்தல்' என்ற பொருளில் ஒரு பத்திரிகையையும் தொடங்கினார். அதிகாரத்துக்கு எதிரான குரல் அது. 1980களில் அந்த இடத்தைக் கிறிஸ்தவ வலதுசாரிகள் எடுத்துக்கொண்டார்கள். 1993வாக்கில் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது. அரசின் கணக்கெடுப்பில் 1999இல் சுமார் 8,50,000 பிள்ளைகள், 2007இல் சுமார் 15 லட்சம். அந்த 2007 கணக்கெடுப்பில், வீட்டில் படிப்பிப்பதற்கு மிக முக்கியமான காரணம் எது என்ற கேள்விக்குச் சமய, ஒழுக்கப் போதனை என்று வந்த பதில்தான் அதிகம், 36 விழுக்காடு.

1970இல் எழுதிய கருத்தியல் அரசு எந்திரங்கள் பற்றிய கட்டுரையில் அல்தூசர், முன்பு தேவாலயமும் குடும்பமும் ஜோடியாகச் செய்துவந்த வேலையை இப்போது பள்ளியும் குடும்பமும் செய்கின்றன என்றார். வீட்டுக்கல்வியில் இந்த மூன்றும் ஒரே சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னதை வீட்டில் வந்து சந்தேகப்படலாம், வீட்டில் சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் போய் உடைக்கலாம். இரண்டுக்கும் நடுவே உள்ள தெருவில்தான் நாமெல்லாம் கொஞ்சமாவது வளர்ந்தோம். மேசையில் அந்தத் தெரு கிடையாது. இருக்கிற ஒரே வெளிஆள் அந்த நாவல்தான். அதையும் வழிகாட்டி பிடித்து உட்கார வைத்துவிடுகிறது.

எப்படி என்று பார்ப்போம். இவ்வகை வழிகாட்டிகளுக்கு மிகவும் பிடித்த புத்தகங்களில் ஒன்று ஈ.பி. ஒயிட் 1952இல் எழுதிய 'சார்லட்டின் வலை'. பண்ணையில் ஒரு பன்றிக்குட்டி, அதைக் கறியாகாமல் காப்பாற்றுகிற ஒரு சிலந்தி. குணம் என்ன? நட்பு, தியாகம். எளிதான விடை, தப்பும் இல்லை. ஆனால் அந்தக் கதை நட்பில் தொடங்கவில்லை. கோடாரியோடு கிளம்பிய அப்பனை மறித்து, கோடாரியைப் பிடித்து இழுத்துச் சண்டை போடுகிற எட்டு வயதுப் பெண்ணில் தொடங்குகிறது. நோஞ்சானாகப் பிறந்தது அதன் குற்றமா, நானும் அப்படிப் பிறந்திருந்தால் என்னையும் கொன்றிருப்பாயா என்ற பொருளில் அவள் கேட்கிறாள். அவள் அதற்குக் கொடுக்கிற பெயர் அநியாயம். அப்பன் வாயடைத்துப் போகிறான். கீழ்ப்படிதலைக் குணங்களின் வரிசையில் முன்னால் நிறுத்துகிற வழிகாட்டி இந்த முதல் பக்கத்தை என்ன செய்யும்? 'இரக்கம்' என்று பெயர் வைத்துத் தாண்டிப் போகும்.

இன்னொன்று. சிலந்தி அந்தப் பன்றியைக் காப்பாற்றுவது உண்மையைச் சொல்லி அல்ல. வலையில் சொற்களை எழுதுகிறது. அந்தச் சொற்களில் ஒன்று சோப்புத்தூள் டப்பாவிலிருந்து எலி பொறுக்கிக்கொண்டு வந்தது. எழுத்தில் கண்டதை ஊர் நம்பிவிடுகிறது. போதகர் அதற்குப் பிரசங்கத்தில் விளக்கம் சொல்லக் கிளம்பிவிடுகிறார். எழுதப்பட்ட சொல்லுக்கு முன்னால் மனிதர்கள் எப்படி மண்டியிடுகிறார்கள் என்பதைப் பற்றி இவ்வளவு நக்கலான ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, வசனத்தைக் காட்டி விடை எழுதச் சொல்வதை என்னவென்று சொல்ல!

பிரச்சினை விடை தப்பு என்பதல்ல. கேள்வியின் வடிவம்தான் பிரச்சினை. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது ஒரு கேள்வி. தெரிந்ததை நீ சொல்கிறாயா என்று பார்க்கக் கேட்பது வேறொன்று. இரண்டாவதற்குப் பெயர் வினாவிடை, ஞானோபதேசத்தின் வடிவம். அந்த வடிவத்துக்கு மதம் ஒரு தடையே அல்ல. மிஷன்காரர்களை எதிர்க்கக் கிளம்பிய ஆறுமுக நாவலர், அவர்களுடைய அதே வடிவத்தில்தான் 'சைவ வினாவிடை' எழுதினார். விடைகள் தலைகீழாக மாறின. கேட்கிறவர் மேலேயும் சொல்கிறவர் கீழேயுமாக இருந்த இருப்பு மாறவில்லை.

கதையிலிருந்து குணத்தைக் கறக்க முடியுமா என்பதைப் பற்றி மிகக் கடுமையாகச் சந்தேகப்பட்டவர் ரூசோ. 1762இல் வந்த 'எமில்' ஒரு வகையில் வீட்டுக்கல்வி நூல்தான். ஒரு பையன், ஓர் ஆசிரியர், பள்ளிக்கூடம் இல்லை. (தம் ஐந்து பிள்ளைகளையும் அநாதை விடுதியில் விட்ட மனிதர் எழுதிய புத்தகம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.) அதில் அவர் லா ஃபோன்தேனின் காக்கா-நரி கதையை எடுத்துவைத்து வரிவரியாகப் பிய்க்கிறார். முகஸ்துதிக்கு மயங்காதே என்று கற்பிக்கவா இந்தக் கதை? குழந்தையைக் கவனித்துப் பாருங்கள் என்கிறார். அது காக்காவைப் பார்த்துச் சிரிக்கிறது, நரியை நேசிக்கிறது. எறும்பும் சில்வண்டும் கதையைச் சொன்னால் இல்லையென்று விரட்டுகிற எறும்பாகிறது. சிங்கத்தின் பங்கு கதையைச் சொன்னால் சிங்கமாகிறது. ஜெயிக்கிறவன் பக்கம் போவதைத்தான் கதை கற்பிக்கிறது, நீங்கள் கடைசியில் ஒட்டுகிற வரி அல்ல என்பது அவர் வாதம்.

அந்தக் கதையில் பாலாடைக்கட்டி. நம்மிடம் அது வடை. பாட்டி சுட்ட வடை. ரூசோவுக்கு இந்தப் பாடம் கிடைத்திருந்தால் இன்னும் ஒரு பக்கம் எழுதியிருப்பார். பாலாடைக்கட்டி எங்கிருந்து வந்தது என்று லா ஃபோன்தேன் சொல்வதில்லை, காக்கா ஏற்கெனவே மரத்தில் உட்கார்ந்திருக்கிறது. நம் கதையில் மட்டும்தான் உளுந்து ஊறப்போட்டு, ஆட்டி, அடுப்பு மூட்டி, எண்ணெய்ப் புகையில் உட்கார்ந்த ஒருத்தி இருக்கிறாள். அவளிடமிருந்து காக்கா திருடுகிறது, காக்காவிடமிருந்து நரி ஏமாற்றி வாங்குகிறது. கதை முடிந்ததும் வருகிற கேள்வி: காக்கா செய்த தவறு என்ன? விடை: வாயைத் திறந்தது. வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாடிய புத்திசாலிக் காக்காவின் கதை பிற்பாடு வந்தது, அதையும் கைதட்டிச் சொல்லிக்கொடுக்கிறோம். திருட்டுப் பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் திறமைக்கு அங்கே குணம் என்று பெயர். பாட்டிக்கு எத்தனை வடை குறைந்தது, அன்றைக்கு அவள் வியாபாரம் என்னாச்சு என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்டதில்லை.

இந்த மறதி எழுதியவர்களின் கெட்ட எண்ணத்தால் வருவதல்ல. 'குணம்' என்று கேட்கும்போதே கதை இரண்டு தனிமனிதர்களுக்கு இடையில் நடக்கிற விவகாரமாகச் சுருங்கிவிடுகிறது. ஏமாந்தவர், ஏமாற்றியவர். பாட்டி குணக்கணக்கில் வரமாட்டாள். அவள் வருவதானால் நியாயக்கணக்கில்தான் வரமுடியும்.

பஞ்சதந்திரமும் இளவரசர்கள் மூவருக்கு வீட்டுப்பாடமாகச் சொன்ன கதைதான். லா ஃபோன்தேன் தம் 1678 தொகுப்பில் பில்பே என்கிற இந்திய ஞானிக்குக் கடன்பட்டிருப்பதாகச் சொல்கிறார். அதன் முதல் தந்திரத்தில் கோள்மூட்டி நண்பர்களைப் பிரித்த நரி தமனகன் கடைசியில் மந்திரியாகவே இருக்கிறது. ராஜ்ஜியம் ஆளப்போகிறவனுக்குச் சொன்ன நீதி அது, நாம் இன்று சொல்கிற நீதி இல்லை. எட்டாம் நூற்றாண்டில் இதை அரபியில் எழுதிய இப்னுல் முகஃபாவுக்கு இது பொறுக்கவில்லை போலிருக்கிறது. நரியைக் கூண்டிலேற்றி விசாரித்துத் தண்டிக்கிற ஓர் அத்தியாயம் அரபிப் பிரதியில் இருக்கிறது. அவரே சேர்த்தது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். வழிகாட்டி நூல்களின் மூதாதை என்று அந்த அத்தியாயத்தைச் சொல்லலாம்.

ரூசோவின் சந்தேகத்தை ஆய்வுக்கூடத்திலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டார்சியா நார்வேஸ் என்ற உளவியலாளர் ஒழுக்கக் கதைகளைக் கொடுத்து, அதன் சாரம் என்ன என்று கேட்டுப் பார்த்தார். பெரியவர்கள் எளிதாக எடுக்கிற சாரத்தைச் சின்னப் பிள்ளைகளில் மிகப் பலர் எடுக்கவில்லை. புரியாமல் அல்ல, வேறு மாதிரிப் புரிந்துகொண்டு. 2014இல் காங் லீயும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். பொய் சொன்னால் மூக்கு நீளும் பினாக்கியோ கதையையும், ஓநாய் வருது என்று கத்திய பையன் கதையையும் கேட்ட பிள்ளைகள் முன்னைவிட உண்மை பேசிவிடவில்லை. செர்ரி மரத்தை வெட்டிவிட்டு ஒப்புக்கொண்ட ஜார்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்டவர்கள் கொஞ்சம் அதிகம் உண்மை சொன்னார்கள். வாஷிங்டனுக்குப் பாராட்டு கிடைக்கிறது, மற்ற இரண்டிலும் தண்டனை. எனக்கு இதில் பிடித்தது வேறு. அந்தச் செர்ரி மரக் கதையே கட்டுக்கதை. வீம்ஸ் என்கிற போதகர் தாம் எழுதிய வாஷிங்டன் வரலாற்றின் 1806 பதிப்பில் நுழைத்தது. உண்மை பேசச் சொல்லித்தர ஒரு பொய் தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் லட்சக்கணக்கில் விற்ற மெக்கஃபி வாசகங்கள் வழியாக அது பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனது. 1836இல் வெளிவரத் தொடங்கிய அந்த வாசகங்களை வீட்டுக்கல்விப் பெற்றோர்கள் பிற்பாடு மறுபதிப்பில் தேடி வாங்கினார்கள்.

1993இல் வில்லியம் பென்னட் 'நற்குணங்களின் நூல்' என்றொரு பெரும் தொகுப்பைக் கொண்டுவந்தார். ரீகன் ஆட்சியில் கல்வித்துறைச் செயலாளராக இருந்தவர். அமோகமாக விற்றது. பத்து அத்தியாயம், பத்துக் குணம்: தன்னடக்கம், இரக்கம், பொறுப்பு, நட்பு, உழைப்பு, துணிவு, விடாமுயற்சி, நேர்மை, விசுவாசம், இறைநம்பிக்கை. நாம் நீதிக்கதைகள் என்று சொல்கிற வகைத் தொகுப்பு. அதன் பத்துத் தலைப்புகளில் நீதி இல்லை.

நீதி இல்லாத குணம் எப்படியிருக்கும் என்பதற்கு எல்சி டின்ஸ்மோர் போதும். மார்த்தா ஃபின்லி 1867இல் தொடங்கி 28 புத்தகங்கள் எழுதித் தள்ளினார். பழையதைத் தூசு தட்டிக் கிறிஸ்தவ வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்காக மறுபடி அச்சிட்டார்கள், திருத்திய வடிவத்திலும் வந்தது. எல்சிக்கு எட்டு வயது. ஓய்வுநாளில் லௌகீகப் பாட்டு வாசிக்க மாட்டேன் என்கிறாள். வாசிக்கும்வரை பியானோ முன்னாலிருந்து எழக்கூடாது என்கிறான் அப்பன். மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்து மயங்கி விழுகிறாள். கண்ணீரும் ஜெபமுமாக அவளுடைய மனசாட்சியின் ஒவ்வொரு இழையும் நமக்குக் காட்டப்படுகிறது. அந்த வீடு ஓர் அடிமைப் பண்ணை. பருத்தித் தோட்டமும் சமையலறையும் கறுப்பு உடல்களால் நடக்கின்றன. எல்சி அவர்களிடம் அன்பாக இருக்கிறாள், வேதம் வாசித்துக் காட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பாட்டு வாசிப்பது பாவமா என்று உயிரை விடத் தயாராக இருக்கிற மனசாட்சிக்கு, திங்கட்கிழமை மனிதர்களைச் சொத்தாக வைத்திருப்பது உறுத்துவதில்லை. பாட்டி இங்கேயும் அடுப்படியில்தான்.

இதே குணக்கல்வியை உள்ளே இருந்து உடைத்தவர் மார்க் ட்வைன். அமெரிக்காவில் 1885இல் வெளிவந்த 'ஹக்கிள்பெரி ஃபின்'னில் ஹக்கும் வீட்டுக்கல்விப் பிள்ளைதான். விதவை டக்ளஸ் சாப்பாட்டுக்கு அப்புறம் புத்தகத்தை எடுத்து மோசேயைச் சொல்லித்தருகிறாள். மோசே செத்து ரொம்ப நாளாயிற்று என்று தெரிந்ததும் ஹக்குக்கு ஆர்வம் போய்விடுகிறது. அவள் தங்கை மிஸ் வாட்சன் எழுத்துக்கூட்டலும் நரகமும் கற்பிக்கிறாள். தப்பியோடும் ஜிம் அவளுடைய அடிமை. 31ஆம் அத்தியாயத்தில் ஹக் அவளுக்குக் கடிதம் எழுதுகிறான், ஜிம் இருக்கிற இடத்தைச் சொல்லி. எழுதியதும் பாவம் கழுவினாற்போல் இருக்கிறது அவனுக்கு. கற்ற குணம் அத்தனையும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது: நேர்மை, பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை, நன்றி. அப்புறம் தெப்பத்தில் ஜிம்மோடு கழித்த ராத்திரிகள் ஞாபகம் வருகின்றன. நரகத்துக்குப் போனாலும் போகிறேன் என்று கடிதத்தைக் கிழிக்கிறான். தான் செய்வது தப்பு என்றே கடைசிவரை நம்புகிறான். அவனுக்குள் நல்லது எதுவோ அது, அவனுக்குக் கற்பித்த நல்லதைத் தோற்கடிக்கிறது. ட்வைனே பிற்பாடு ஏறத்தாழ இப்படித்தான் இதை விளக்கினார். காங்கர்டு ஊர் நூலகம் 1885இலேயே இந்தப் புத்தகத்தை வெளியே தள்ளியது. கடைசி அத்தியாயங்களில் டாம் சாயர் வந்து ஜிம்மை விளையாட்டுப் பொம்மையாக்குவதையும், அந்த நாவல் கறுப்பர்களை அழைக்கும் சொல்லுக்கு எதிராகக் கறுப்பினப் பெற்றோர்கள் எழுப்பிய குரலையும் நான் மறக்கவில்லை. ஆனால் 31ஆம் அத்தியாயத்துக்குக் 'குணம்' பகுதி எழுதிப் பாருங்கள். ஹக் காட்டிய குணம் எது? அவனே அதற்குப் பாவம் என்றல்லவா பெயர் வைத்திருக்கிறான்?

இதையெல்லாம் படித்துவிட்டு வழிகாட்டியைக் கையில் வைத்திருக்கும் அம்மாவைக் கேலி செய்யக் கிளம்பிவிடக் கூடாது. வீட்டுக்கல்வியில் வாத்தியார் வேலை பெரும்பாலும் பெண்களின் தலையில்தான் விழுகிறது. சமையல், கைக்குழந்தை, துணி, நடுவில் மூன்று வயதுவாரியான பிள்ளைகளுக்குப் பாடம். தான் படிக்க நேரமில்லாத நாவலுக்கு அவளுக்கு விடைகள் வேண்டியிருக்கின்றன. வழிகாட்டி அவளுக்கு ஒரு கைத்தாங்கல், அதே நேரத்தில் அவளுடைய வாசிப்பையும் அது எடுத்துக்கொள்கிறது. விடைத்தாளைப் பிடித்திருப்பவளும் அந்தக் கதைக்குள் ஒருபோதும் நுழைவதில்லை.

வீட்டில் படிப்பிப்பதே வலதுசாரி வேலை என்பதும் சரியில்லை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் கணக்குப்படி, கறுப்பினக் குடும்பங்களில் வீட்டில் படிப்பிப்பவை 2020 வசந்த காலத்தில் 3.3 விழுக்காடு, அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் 16.1. கொள்ளைநோய் ஒரு காரணம். பள்ளியில் தம் பிள்ளைகள் மட்டும் தண்டனைக்கு அனுப்பப்படுவதும், பாடத்தில் தம் வரலாறு இல்லாததும் இன்னொன்று. பள்ளியை விட்டு வெளியேறுவதில் ஒரு விடுதலை இருக்கக்கூடும். அவர்கள் கையிலும் ஒரு விடைத்தாள் வந்து சேருமா, சேராதா என்பதைத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

ஏனென்றால் அவர்களுக்கு வேறொரு மரபு இருக்கிறது. பால்டிமோரில் அடிமைச் சிறுவன் ஃபிரெடரிக் டக்ளஸுக்கு எஜமானி எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினாள், எஜமான் தடுத்துவிட்டான். படிப்பு ஓர் அடிமையைக் கெடுத்துவிடும் என்றான். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற பையனுக்கு எதைக் கற்கவேண்டும் என்பது புரிந்துபோனது. பன்னிரண்டு வயதுவாக்கில் காசு சேர்த்து ஒரு புத்தகம் வாங்கினான். 1797இல் காலெப் பிங்ஹாம் தொகுத்த 'கொலம்பியப் பேச்சாளன்'. வெள்ளைச் சிறுவர்களுக்குப் பேச்சுக்கலையும் நற்பண்பும் கற்பிக்க வந்த பாடநூல். அதில் எஜமானுக்கும் தப்பியோடிப் பிடிபட்ட அடிமைக்கும் ஓர் உரையாடல் வருகிறது. வாதத்தில் அடிமை ஜெயித்து விடுதலை வாங்குகிறான். பள்ளிப்பிள்ளைக்கு அது மேடையில் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிக்கவேண்டிய பகுதி. டக்ளஸ் திரும்பத் திரும்பப் படித்தார். பக்கத்தில் கேள்வி கேட்க ஆள் இல்லை.

பிற்பாடு செயிண்ட் மைக்கேல்ஸ் ஊரில், அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர ஒரு ஞாயிறு வகுப்பு தொடங்கியபோது டக்ளஸும் அதில் இருந்தார். படித்தது புதிய ஏற்பாடு. மூன்றே முறை கூடினார்கள். தடியோடும் கல்லோடும் ஒரு கூட்டம் வந்து விரட்டியது, இனிக் கூடக்கூடாது என்றது. முன்னால் வந்த இருவரும் அந்த ஊர் மெதடிஸ்ட் சபையின் வகுப்புத் தலைவர்கள். அடிமைகள் ஞாயிற்றுக்கிழமை குடித்துக் கிடக்கலாம், மல்லுக்கட்டலாம், அதில் அவர்களுக்கு ஆட்சேபம் இருக்கவில்லை என்று 1845இல் வெளியான தன் வரலாற்றில் டக்ளஸ் எழுதுகிறார்.